பூகம்பம் கொல்லுகின்றதா? கட்டடம் கொல்லுகின்றதா?

உலகத்தில் எங்காவது பூமி அதிர்ந்து, ஊர் இடிந்து, ஜனங்கள் ஆயிரக்கணக்காய் மாண்டார்கள் என்று செய்தி வந்தவுடன், இடிபாட்டுக்குள் அகப்பட்டவர்களை வெளியில் எடுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அதற்குக் காரணம் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பி விடுகின்றது. உலகத்தில் பாவம் அதிகமாகிவிட்டது என்பார் ஒருவர். தெய்வபக்தி குறைந்துவிட்டது என்பார் மற்றொருவர். பெண்கள் அடக்கம் கெட்டுப் போனார்கள் என்பார் இன்னொருவர். இதெல்லாம் விதி, மனிதன் கையில் என்ன இருக்கின்றது என்று பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார் வேறொருவர். இவர்களில் ஒருவராவது, இடிந்த வீட்டின் சுவரில் என்ன கலவை இருந்தது, தூணில் எத்தனை கம்பி இருந்தது, அதைக் கட்ட அனுமதி கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. அந்த மூன்று கேள்விகளையுந்தான் நாம் இங்கு கேட்கப் போகின்றோம்.

வெட்டவெளியில் நிற்கும் மனிதனைப் பூகம்பம் சாதாரணமாய்க் கொல்லுவதில்லை. அவன் தள்ளாடுவான், விழுவான், பிறகு எழுந்து புழுதியைத் தட்டிக் கொள்ளுவான். மலை சரிவதாலும் கடல் பொங்குவதாலும் சில சமயங்களில் ஜனங்கள் சாவது வாஸ்தவமே. ஆனால் பெரும்பாலான பூகம்பங்களில் மனிதனைக் கொல்லுவது, மனிதன் தன் கையால் கட்டி, அதற்குள் தானே படுத்துத் தூங்கும் வீடுதான். பூமி அதிர்வது நம் கையில் இல்லை. வீடு விழுவதும் விழாததும் நம் கையில் இருக்கின்றது. இந்த ஒரு வித்தியாசத்தை ஜனங்கள் உணராமல் மறைத்து வைப்பதுதான் "தெய்வ கோபம்" என்னும் பேச்சினால் ஆகிவரும் காரியம்.

திருநெல்வேலியில் சொல்லப்பட்ட காரணம்

1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பகலில் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. மோங்கீர், முஜாபர்பூர் முதலிய பட்டணங்கள் மண்மேடாயின. பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அச்சமயம் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்த தோழர் காந்தியார், ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனையே இது என்று தாம் கருதுவதாகச் சொன்னார். சனாதனிகள் சும்மா இருப்பார்களா? தீண்டாதாரைக் கோயிலுக்குள் விடவேண்டும் என்று கிளர்ச்சி செய்ததனால்தான் தெய்வம் கோபித்துக் கொண்டது என்று, அதே பூகம்பத்தைக் காந்தியார் தலைமேலேயே திருப்பிப் போட்டார்கள். இயற்கையில் நடக்கும் விபத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்றும், இந்த நியாயம் எதிர்க்கட்சியாருக்கே அதிகமாய்ப் பயன்படும் என்றும் கவி ரவீந்திரநாத் தாகூர் கண்டித்து எழுதினார். அக்கண்டனத்தைக் காந்தியார் தமது "ஹரிஜன்" பத்திரிகையிலேயே பிரசுரித்துப் பதிலும் எழுதினார்.

தீண்டாமை மகா கொடுமை என்பதிலும், அது அடியோடு ஒழியவேண்டும் என்பதிலும் நமக்கு ஒரு துளியும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அதை ஒழிக்கப் பூகம்பத்தின் சாட்சியம் எதற்கு என்று கேட்கின்றோம். பீகாரில் மாண்டவர்களில் தீண்டாதார் இல்லையா? உதைத்தவனுக்கும் உதைபட்டவனுக்கும் ஒரே தண்டனை கொடுக்கும் நீதிபதியை என்ன பெயர் சொல்லி அழைப்பது? அன்றியும், தீண்டாமையோடு காணாமையும் சேர்ந்திருந்த மலையாளத்தை விட்டுவிட்டு, தெருவில் நடக்கவும் விடாத நம் தென்னாட்டு அக்கிரகாரங்களை விட்டுவிட்டு, எங்கோ கங்கைக் கரையில் இருந்தவர்கள் தலையில் கடவுள் வீட்டை இடித்துத் தள்ளினார் என்றால், அவருக்குப் பூகோள சாஸ்திரமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

இப்பேச்சினால் உண்டாகும் நஷ்டம் இன்னொன்று இருக்கின்றது. காரணம் பாவம் என்றால் அதற்குப் பரிகாரம் பிராயச்சித்தமாய் விடும். பிறகு செங்கல்லைப் பற்றியும் இரும்பைப் பற்றியும் யார் யோசிப்பார்கள்?

குவெட்டா சொன்ன பதில்

அடுத்த வருஷமே இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பலுசிஸ்தானத்தில் 1931-ம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் மாச் என்னும் இடத்தில் ஒரு பூகம்பம் ஏற்பட்டு, ரயில்வேக் கட்டடங்கள் பல நாசமாயின. அவற்றைத் திரும்பக் கட்டும் வேலை எஸ். எல். குமார் என்னும் வாலிப ரயில்வே இஞ்சினீயரிடம் வந்தது. அவர் யாகம் செய்யச் சொல்லவில்லை. பூமி பக்கவாட்டில் ஆட்டும்போது கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பலம் அதைப் பக்கத்தில் தள்ளும் என்று வைத்துக்கொண்டு, அதைத் தாங்கும்படி கணக்குப் போட்டார். பழைய தண்டவாள இரும்பைக் கொண்டு சட்டங்கள் அமைத்து, அவற்றோடு சுவரைப் பிணைத்து ரயில்வேக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். இந்த முறையைப் பற்றி 1933-ல் அவர் ஒரு கட்டுரையும் எழுதி, தேசத்தில் எந்தெந்தப் பாகத்தில் எவ்வளவு அபாயம் என்று காட்டும் ஒரு படத்தையும் அதில் சேர்த்தார்.

1935-ம் வருஷம் மே 31-ந் தேதி விடியும் முன், ஊர் தூங்கிக் கொண்டிருக்கும்போது, குவெட்டா நகரம் இடிந்தது. முப்பதினாயிரத்திலிருந்து அறுபதினாயிரம் பேர் வரை மாண்டதாகக் கணக்குச் சொல்லுகின்றார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் ஆகிய எல்லோருந்தான் மாண்டார்கள். ஊரை ஆண்ட வெள்ளைக்காரனுடைய ஆகாயப் படையின் குடியிருப்பும் இடிந்தது. ஆனால் குமார் முறைப்படி கட்டப்பட்ட ரயில்வேக் குடியிருப்புகள் சேதமின்றி நின்றன.

அதே ஊர், அதே இரவு, அதே அதிர்ச்சிதான். ரயில்வேக் குடியிருப்பில் இருந்தவர்கள் மாத்திரம் பாவமே செய்யாத புண்ணியவான்களா? அல்லது கடவுளுக்குத் தண்டவாள இரும்பைக் கண்டால் பயமா? ஆஸ்திகத் தோழர்கள் இவ்விரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் நமக்குச் சம்மதமே.

மரக்கூண்டும் பிரசங்கமும்

இதற்கும் முன்னாலேயே ஐரோப்பாவில் இப்பாடம் நடந்திருக்கின்றது. போர்ச்சுகல் தேசத்துத் தலைநகரான லிஸ்பனில் 1755-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி, கிறிஸ்தவ அர்ச்சியசிஷ்டர்கள் எல்லோருக்குமான திருநாள். ஜனங்கள் காலைப் பூசைக்காகக் கோயில்களில் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்து, கோயில்கள் அவர்கள் மேலேயே விழுந்தன. பிறகு தீயும் கடலும் வந்தன. மலாகிரிடா என்னும் பாதிரியார், இது ஊராரின் பாவத்துக்குத் தண்டனை என்றும், ஊரைக் கட்டுவதைவிட ஜெபமும் தவமுமே முக்கியம் என்றும் 1756-ல் புத்தகம் போட்டார். மந்திரியாயிருந்த பொம்பால் அவரை நகரத்தைவிட்டு வெளியேற்றினான். அதிர்ச்சி எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை வீடு விழுந்தது, கிணற்றுத் தண்ணீரில் மாறுதல் உண்டா என்றெல்லாம் கேள்விகள் எழுதி ஒவ்வொரு பங்குக்கும் அனுப்பினான். பொம்பால் தர்மராஜன் அல்ல; கொடுங்கோலனே. ஆனால் பூகம்பத்தைப் பற்றிப் பூமியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவன். புதிய வீடுகளுக்குள் குறுக்கும் நெடுக்குமாய் மரம் இணைத்த கூண்டு ஒன்றை அமைத்து, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். மாதிரி ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிச் சிப்பாய்களை மிதித்து நடக்கச் சொல்லி அசைத்துப் பார்த்ததாகவும் சொல்லுகின்றார்கள்.

போர்ச்சுகலைப் பார்த்தறியாத காஷ்மீரத்துத் தச்சர்களும் மரச் சட்டங்களுக்கு இடையில் சிறு கல்லும் செங்கல்லும் அடைத்து "தஜ்ஜி திவாரி" என்னும் சுவரை வெகுகாலமாய்க் கட்டி வந்திருக்கின்றார்கள். 2005-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி காஷ்மீரப் பூகம்பத்தில், மரமில்லாத கல் வீடுகளைவிட இவ்வகை வீடுகள் நன்றாய்த் தாக்குப் பிடித்தன. மதமும் பாஷையும் வேறான இரண்டு தேசத்துத் தொழிலாளிகள் ஒரே முறையைக் கண்டுபிடித்தது எப்படி? பூமி ஆடும் விதி எல்லா தேசத்துக்கும் ஒன்று. அதைக் கண்ணால் பார்த்த தொழிலாளியின் புத்தியும் ஒன்று. வேறு காரணம் இல்லை.

ஒரே கடவுள், இரண்டு கணக்கு

நம் காலத்துச் சங்கதிக்கு வருவோம். 2010-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி ஹைத்தி தேசத்தில் 7.0 அளவுள்ள பூகம்பம். மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது பெரும்பாலோர் கணக்கு. அந்நாட்டு சர்க்கார் மூன்று லட்சத்தையும் தாண்டியதாகச் சொல்லிற்று. அடுத்த மாதம் 27-ந் தேதி சிலி தேசத்தில் 8.8 அளவுள்ள பூகம்பம். வெளிப்பட்ட சக்தியை எடுத்துக்கொண்டால் இது ஹைத்திப் பூகம்பத்தைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு. சிலியில் மாண்டவர்களோ, கடல் கொண்டுபோனவர்களையும் சேர்த்து, 500 பேருக்குச் சற்று அதிகம்.

இரண்டு தேசத்திலும் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஹைத்தியில் தலைநகரத்துப் பெரிய கோயிலும் இடிந்தது; பேராயரும் மாண்டார். இதற்குக் காரணம் சொன்னார் பாட் ராபர்ட்சன் என்னும் அமெரிக்க மதப் பிரசாரகர். ஹைத்தி ஜனங்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து விடுதலை பெறுவதற்காகச் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களாம். அடிமைகள் தங்கள் விலங்கைத் தாங்களே உடைத்ததும் ஒரு பாவமாகி, இருநூறு வருஷங்களுக்குப் பிறகு தண்டனை வந்ததாம்! உண்மைக் காரணம் என்ன? அங்கே பூகம்பம் தலைநகருக்கு வெகு அருகில் உண்டாயிற்று என்பது ஒன்று. பலத்த கம்பியில்லாத சிமெண்டுக் கல் சுவர்மேல் கனத்த கான்கிரீட் கூரையை ஏற்றி வைத்ததும், அதைக் கேட்பார் இல்லாததும் மற்றொன்று. சிலியிலோ, முன்பு நடந்த பூகம்பங்களில் பட்டுத் தெரிந்து கட்டட விதிகளைத் திருத்திக் கொண்டே வந்தார்கள். கட்டடத்தின் பலத்தில் குறையிருந்தால் கட்டி விற்றவனே பத்து வருஷத்துக்குப் பொறுப்பு என்றும் சட்டம் செய்து வைத்திருந்தார்கள். கடவுளை நம்பியது இரண்டு தேசமும். கட்டடத்தைக் கவனித்தது ஒரு தேசமே.

வீடு ஏன் விழுகின்றது?

ஆதிசேஷன் தலையை அசைப்பதால் பூமி அதிர்கின்றது என்பது நம்மவர் கதை. பூமிக்கடியில் உள்ள பெரிய கெளிற்று மீன் புரளுகின்றது என்பது ஜப்பானியர் கதை. உண்மையோ, பூமியின் மேலோடு பல பாளங்களாய்ப் பிரிந்து மெதுவாய் நகருகின்றது. நம் இந்தியப் பாளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றது. தள்ளும் இடத்தில் பாறை இறுகி இறுகி ஒரு நாள் வெடித்து நழுவுகின்றது. அவ்வளவுதான்.

நின்றுகொண்டிருக்கும் பஸ் திடீரென்று கிளம்பினால், உள்ளே நிற்கிறவன் கால் முன்னே போகின்றது; உடல் பின்னே சாய்கின்றது. பூமி நகரும்போது வீட்டுக்கும் அதே கதிதான். அடித்தளம் பூமியோடு போகின்றது. கூரை இருந்த இடத்தில் இருக்கப் பார்க்கின்றது. கூரை எவ்வளவு கனமோ அவ்வளவு இழுப்பு. சாதாரணச் சுவர் மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கும். பக்கத்தில் தள்ளினால் தாங்காது. நான்கு சுவரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிபோல் நின்றால் பிழைக்கும். தனித்தனியாய் நின்றால் ஒவ்வொன்றாய் விழும். நம் சமூகத்துக்கு உள்ள நியாயந்தான் சுவருக்கும்.

1993-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி விடியும் முன் மகாராஷ்டிரத்தில் கில்லாரி முதலிய கிராமங்களில் சுமார் எண்ணாயிரம் பேர் மாண்டார்கள். விநாயகர் ஊர்வலம் முடிந்து களைத்துத் தூங்கியவர்கள்! விக்னத்தை விலக்குவதற்கென்றே உள்ள சாமி எங்கே போனார் என்று நாம் கேட்டால் மனம் புண்படுகின்றது என்கின்றார்கள். ஆகையால் சுவரைக் கேட்போம். அங்கே சுவர், மண்ணைக் குழைத்து உருண்டைக் கல்லை அடுக்கிய தடித்த சுவர். அது பார்வைக்கு ஒரே சுவர். உண்மையில் உள்முகம் ஒன்றும் வெளிமுகம் ஒன்றுமாய் இரண்டு சுவர். நடுவில் சிறு கல்லும் மண்ணும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நீளக்கல் வைக்கவில்லை. மேலே அடி கணக்கில் மண் கொட்டிய கூரை. அதிர்ந்தவுடன் இரு முகமும் பிளந்து கொட்டிற்று. கூரையை மரத் தூண்கள் தனியே தாங்கிய வீடுகளிலோ, சுவர் சரிந்தும் கூரை நின்று பலர் பிழைத்தார்கள்.

ஏழைக் கிராமத்தார் படிக்காதவர்கள், அதனால் நேர்ந்தது என்று சொல்லுவார்கள். சரி, 2001-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி குஜராத்தில் நடந்தது என்ன? பூகம்பம் உண்டான இடத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆமதாபாத்தில், படித்தவர்கள் வாங்கிய மாடி வீடுகள் பல விழுந்தன. பெரும்பாலும் அவை, கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வெறுந்தூணாய் விட்டு, மேலே மட்டும் சுவர் அடைத்த கட்டடங்கள். மேலே பாறை, கீழே கோரைக் கால். எல்லா ஆட்டமும் அந்தக் காலில் வந்து சேர்ந்து முறிந்தது. பூகம்பத்தைத் தாங்கும் கட்டடத்துக்கான இந்திய விதி 1962-ம் வருஷத்திலேயே அச்சாகிவிட்டது! நாற்பது வருஷமாய் விதி அலமாரியில் இருந்தது, கட்டடம் தெருவில் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை.

விதி என்னும் வக்கீல்

இப்போது விஷயத்தின் வேருக்கு வருவோம். "எல்லாம் விதி" என்ற பேச்சு அறியாமையால் மாத்திரம் நிலைத்திருக்கவில்லை. அதனால் சிலருக்கு லாபம் இருக்கின்றது. துருக்கி தேசத்தில் சட்டத்துக்கு விரோதமாய்க் கட்டிய கட்டடங்களுக்குப் பணம் கட்டினால் மன்னிப்பு என்று 2018-ம் வருஷம் தேர்தலுக்கு முன் சட்டம் போட்டார்கள். லட்சக்கணக்கான கட்டடங்களுக்குச் சீட்டுக் கிடைத்தது; கட்டடத்துக்குப் பலம் கிடைக்கவில்லை. 2023-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி பூமி அதிர்ந்தது. துருக்கியில் மாத்திரம் ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்நாட்டு ஜனாதிபதி இடிபாட்டைப் பார்வையிட வந்து, இவையெல்லாம் விதியின் திட்டத்தில் உள்ளவை என்ற கருத்துப்படப் பேசினார். சீட்டுக் கொடுத்தது சர்க்கார். தொகை வாங்கியதும் சர்க்கார். பழி மாத்திரம் விதிக்கா? கண்ட்ராக்டருக்கும் லஞ்சம் வாங்கிய அதிகாரிக்கும் ஓட்டுக்காகக் கண்ணை மூடிக்கொண்ட மந்திரிக்கும் இலவசமாய் ஆஜராகும் வக்கீல் இந்த விதிதான். கடவுளின் பேரால் தீர்ப்பு எழுதிவிட்டால் மனிதன் கூண்டில் ஏறவேண்டியதில்லை அல்லவா?

நம் நாட்டில் என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கக்கூடும். 1900-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி கோயமுத்தூர்ப் பக்கம் 6.0 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டிருக்கின்றது. 2001 செப்டம்பர் 25-ந் தேதி புதுச்சேரிக் கடலில் உண்டான அதிர்ச்சியைச் சென்னை உணர்ந்தது. 2002-ல் அபாயப் படத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். இமயமலைப் பக்கத்தைப்போல் இங்கே அபாயம் இல்லை என்பது நிஜம். ஆனால் கில்லாரியும் அப்போது மிகக் குறைந்த அபாயமுள்ள மண்டலத்தில்தான் இருந்தது.

நம்மவர் வீடு கட்டும் அழகைப் பாருங்கள். முதலில் மனையடி சாஸ்திரம், பிறகு வாஸ்து நிபுணர், பிறகு நாள் நட்சத்திரம், பூமி பூசை, நிலைப்படி வைக்கப் பூசை, கண்ணேறுக்குப் பூசணிக்காய். வாசற்படி எந்தத் திக்கு, சமையலறை எந்த மூலை என்பதற்காகக் கட்டின சுவரைக்கூட இடித்துக் கட்டுகின்றார்கள். ஆனால் தூணுக்கு எத்தனை கம்பி என்று கேட்கும்போது மாத்திரம், "இவ்வளவு எதற்கு மேஸ்திரி, கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்கின்றார்கள். ஐயருக்குக் கொடுக்கும் தட்சிணையில் குறைக்காதவர்கள் இரும்பில் குறைக்கின்றார்கள்! வாஸ்து புருஷன் ஈசானிய மூலையில் தலை வைத்துப் படுத்திருப்பதனால் கூரை தாங்கும் என்று எந்தக் கணக்கில் இருக்கின்றது?

செய்ய வேண்டியவை மந்திரம்போல் மறைவானவை அல்ல. கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் தெரிந்த சாமான்களைக் கொண்டே செய்யக் கூடியவை. கல் சுவரானால், இரண்டு முகத்தையும் இணைக்கும் நீளக்கல் இடைவிட்டு இடைவிட்டு வைக்கவேண்டும். செங்கல் சுவரானால், வாசல் ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் அறுபடாமல் ஒரு கம்பிக் கான்கிரீட் பட்டை ஓடவேண்டும். மூலைகளில் நெட்டுக்கம்பி நிற்கவேண்டும். தூண் வைத்துக் கட்டும் கட்டடமானால், தூண் உத்திரத்தைவிடப் பலமாயிருக்க வேண்டும். உத்திரம் விரிந்தால் வீடு நிற்கும், தூண் முறிந்தால் வீடு போய்விடும். தூணில் ரிங் என்று சொல்லும் வளையக்கம்பியை, முக்கியமாய்த் தூணின் தலையிலும் அடியிலும், நெருக்கமாய்க் கட்டி, நுனியை உள்ளே நன்றாய் மடித்துவிட வேண்டும். கீழே கார் நிறுத்த இடம் விட்டால் அந்தத் தளத்துக்கு அதற்கேற்ற பலம் கொடுக்க வேண்டும். இதனால் ஆகும் அதிகச் செலவு, கிரகப்பிரவேசத்துக்குச் செய்யும் ஆடம்பரத்தோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய செலவே அல்ல.

இப்படிக் கட்டினால் விரிசலே காணாதா என்றால், காணலாம். பெரும் அதிர்ச்சியில் வீடு பழுதாகலாம். பிறகு அதை இடித்துக் கட்டவும் நேரலாம். ஆனால் உள்ளே இருந்த குழந்தை குட்டிகள் நடந்து வெளியே வருவார்கள். விஞ்ஞானம் வாக்களிப்பது அவ்வளவே. வாக்களித்ததைச் செய்தும் காட்டியிருக்கின்றது. மதம் மோட்சத்தையே வாக்களிக்கின்றது. ஆனால் ஒரு கூரையையாவது தாங்கிக் காட்டியதில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தையும், நோயாளிகள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியையும், நீங்கள் குடியிருக்கும் வீட்டையும் பார்த்து, இது யார் கணக்கின்மேல் நிற்கின்றது என்று கேளுங்கள். கட்டினவனைக் கேளுங்கள், அனுமதி கொடுத்த முனிசிபாலிட்டியைக் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவனைக் கேளுங்கள். அவர்கள் வானத்தைக் கையால் காட்டினால், கையைப் பிடித்துத் தூணின் பக்கம் திருப்புங்கள். பதில் அங்கேதான் இருக்கின்றது.